அமைதியை விளையாட்டாக்கிய டாக்டர் அம்மா



நான் எங்க வகுப்புத் தலைவன். சார் வர்ற வரைக்கும் பேசுறவங்க பேரைப் போர்டில் எழுதுவது என் வேலை. வகுப்பு அமைதியாத்தான் இருக்கும். ஆனா அது பயத்துல வர்ற அமைதி. பரீட்சை ஹாலிலும் அதே அமைதிதான். கேள்வித்தாளை வாங்கும்போது எனக்குக் கை வேர்த்து, படித்ததெல்லாம் மறந்து போகும். உங்களில் பலருக்கும் இப்படித்தானே? அதனால்தான் மரியா மாண்டிசோரி அம்மையாரைப் பற்றி எழுதுகிறேன்.

இவர் 1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியில் கியாரவாலே என்ற ஊரில் பிறந்தார். பெண்கள் டாக்டருக்குப் படிப்பதே அபூர்வமான காலம் அது. பிணத்தை அறுத்துப் படிக்கும் வகுப்பில் ஆண்களோடு சேர அவரை விடவில்லை. அவர்கள் போன பிறகு தனியாகப் படிக்க வேண்டும். நினைச்சாலே நமக்கு உதறும்! ஆனாலும் 1896-இல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

1907 ஜனவரி 6 அன்று, ரோம் நகரில் ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். ஒருநாள் நான்கு மாதக் கைக்குழந்தை ஒன்றை வகுப்புக்குத் தூக்கி வந்தார். இந்தப் பாப்பா எவ்வளவு அசையாமல் இருக்கிறது, உங்களால் முடியுமா என்று விளையாட்டாகக் கேட்டார். பிள்ளைகள் காலை அசைக்கவில்லை. மூச்சைக்கூட மெதுவாக விட்டார்கள். அதுவரை யாரும் கவனிக்காத கடிகாரச் சத்தம் கேட்டது!

அதிலிருந்து பிறந்ததுதான் அமைதி விளையாட்டு. பிள்ளைகள் கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து அறையிலிருந்து அம்மையார் ஒவ்வொருவர் பெயரையும் ரகசியம் போலக் கூப்பிடுவார். கூப்பிட்ட பிள்ளை சத்தமில்லாமல் எழுந்து போக வேண்டும். பொறுமையாகக் காத்திருந்ததற்கு மிட்டாய் தருகிறேன் என்றபோது பிள்ளைகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அந்த அமைதியே அவங்களுக்குப் பிடிச்சுப் போச்சு.

1939-இல் அம்மையார் நம் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இரண்டாம் உலகப் போரால் ஊர் திரும்ப முடியவில்லை. கொடைக்கானலிலும் தங்கி, 1946 வரை இந்தியாவில் இருந்தார். 1952 மே 6 அன்று நெதர்லாந்தில் காலமானார்.

போன மாதத் தேர்வுக்கு முன்னால் நானும் 2 நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்தேன். ஃபேன் சத்தம், வெளியே காக்கா, பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு, கடைசியாக என் மூச்சு. பயம் முழுசாப் போகலை. ஆனா கை நடுக்கம் குறைஞ்சுது. முதல் கேள்வியை நிதானமாகப் படிக்க முடிந்தது.

அவர் அமைதியில் பெயரைக் கூப்பிட்டார். நானோ அமைதிக்காகப் பெயரைப் போர்டில் எழுதுகிறேன். எவ்வளவு வித்தியாசம்! சார் அனுமதி கொடுத்தால், அடுத்த தேர்வு அன்று சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு உங்கள் பெயர்களை மெதுவாகக் கூப்பிடுகிறேன். விளையாட வர்றீங்களா நண்பர்களே?



– வகுப்புத் தலைவன், 10-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு