வயதை மறைத்துப் போன மகன்

உங்கள் வீட்டில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் இருந்தால், அவனை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு இதனை வாசியுங்கள். அதே வயதில் யுத்தகளம் சென்று திரும்பி வராத ஓர் அவுஸ்திரேலியச் சிறுவனின் வரலாறு இது. முதலாம் உலக மகாயுத்தத்தில் உயிரிழந்த அவுஸ்திரேலியப் போர்வீரர்களுள், அறியப்பட்ட அளவில், வயதில் மிக இளையவன் இவனே.

ஜேம்ஸ் சார்ள்ஸ் மாட்டின் என்பது அவன் பெயர். ஜிம் என்று அழைப்பர். 1901ஆம் ஆண்டு ஜனவரி 3ஆந் திகதி நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் டொக்கும்வால் என்ற ஊரிற் பிறந்தான். அவுஸ்திரேலியக் குடியேற்ற நாடுகள் ஒன்றிணைந்து ஒரே நாடானது அவ்வாண்டு ஜனவரி முதலாந் திகதி. ஆகவே தன் நாட்டிலும் பார்க்க அவன் இரண்டு நாள் இளையவன்! சகோதரிகளுக்கு நடுவே ஒரே ஆண்பிள்ளை. பின்னர் குடும்பம் மெல்பேணில் குடியேறியது. பள்ளியை விட்டதும் ஜிம் பண்ணை வேலைக்குப் போனான்.

யுத்தம் மூண்டபோது முதலிற் படையிற் சேர முயன்றவர் தகப்பனார்தான். அவரை ஏற்க மறுத்துவிட்டார்கள். அப்படியானால் நான் போகிறேன் என்று மகன் எழுந்து நின்றான். தாய் அமேலியாவுக்கு எப்படி இருந்திருக்கும்! பதினெட்டு வயது நிரம்பியவர்களையே படையில் எடுப்பார்கள். இருபத்தொரு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். சம்மதம் தராவிட்டால் வேறொரு பெயரிற் சேர்ந்துவிடுவேன், பிறகு வீட்டுக்கு ஒரு கடிதமும் எழுதமாட்டேன் என்றான் பையன்.

அந்தப் பெற்றோரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். தடுத்தால், மகன் எங்கே நிற்கிறான் என்பதே தெரியாமற் போகும். விட்டால், எங்கே நிற்கிறான் என்பதாவது தெரியும். மனமில்லாமலே சம்மதித்தார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சேர்த்தவர்கள்? வயதுக்கு மீறிய வளர்த்தியும் உடைந்த குரலும் அவர்களுக்குப் போதுமாயிருந்தன. 1915 ஏப்ரல் 12ஆந் திகதி, 18 வயது என்று பதிந்து சேர்த்துக்கொண்டார்கள். அப்போது அவனுக்கு வயது பதினான்கும் மூன்று மாதமும்.

ஜூன் 28ஆந் திகதி ‘பெரிமா’ என்ற கப்பலில் மெல்பேணை விட்டுப் புறப்பட்டான். எகிப்தில் சில நாட்கள் தங்கியபின், அவன் சேர்ந்திருந்த 21ஆவது காலாட்படைப் பிரிவு ‘சவுத்லாண்ட்’ என்ற கப்பலில் துருக்கியின் கலிப்பொலிக் களத்தை நோக்கிச் சென்றது. செப்டெம்பர் 2ஆந் திகதி, லெம்னொஸ் தீவை அண்மித்தபோது, ஜேர்மன் நீர்மூழ்கி ஒன்று எறிந்த குண்டு கப்பலைத் தாக்கியது. படையணித் தளபதி லின்ரன் உட்படப் பலர் மாண்டனர். ஜிம் நான்கு மணி நேரம் கடலிற் கிடந்து உயிர் தப்பினான். அதன் பிறகாவது தன் உண்மை வயதைச் சொல்லி வீடு திரும்பியிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். அவன் சொல்லவில்லை. ஒரு வாரத்துக்குள் கலிப்பொலியிற் கரையிறங்கினான்.

அங்கே துருக்கியரின் பதுங்குகுழிகள் எழுபது யார் தூரத்தில் இருந்தன. ஆனால் துப்பாக்கியிலும் பார்க்க நோயே பொல்லாத பகையாயிற்று. புதைக்கப்படாத பிணங்கள், அவற்றில் மொய்த்த இலையான்கள், போதாத குடிநீர். வயிற்றளைச்சலும் நெருப்புக்காய்ச்சலும் ஆயிரக்கணக்கானவர்களை வீழ்த்தின.

ஜிம் வீட்டுக்குக் கடிதம் எழுதினான். தான் நன்றாக இருப்பதாகவும் கவலைப்பட வேண்டாம் என்றும் எழுதினான். வீட்டாரும் அவனுக்கு எழுதினார்கள். ஆனால் அந்தக் கடிதங்கள் அவன் கைக்குச் சேரவில்லை. மற்றவர்களுக்குத் தபால் வந்த வேளைகளில் தனக்கு ஒன்றுமில்லாமல் அந்தப் பிள்ளை குழியில் இருந்திருக்கிறான். அவனுடைய கடைசிக் கடிதம் ஒக்டோபர் 9ஆந் திகதி எழுதப்பட்டது.

அதன்பின் நெருப்புக்காய்ச்சல் பிடித்தது. ஒக்டோபர் 25ஆந் திகதி ‘கிளெனார்ட் காசில்’ என்ற வைத்தியக் கப்பலில் அவனை ஏற்றியபோது உடல் முற்றாக ஒடுங்கியிருந்தது. தாதிமார் உடனே கவனித்தனர். இப்போது சுகமாயிருக்கிறது என்று சொல்லி, அவர்களுக்கு நன்றியும் தெரிவித்துவிட்டு நித்திரைக்குச் சாய்ந்தான். அன்றே இருதயம் நின்றுவிட்டது. பதினைந்தாவது பிறந்தநாளுக்கு இன்னும் பத்து வாரங்கள் இருந்தன. உடலைக் கடலில் அடக்கம் செய்தார்கள்.

கப்பலின் தலைமைத் தாதி ரெடொக் அம்மையார், தம் வேலைகளுக்கிடையே, மகனின் கடைசி நேரத்தைத் தாய்க்கு விவரமாக எழுதி அனுப்பினார். அமேலியாவுக்குப் போய் அழக் கல்லறை கிடையாது. இருந்தது அந்தக் கடிதமும் மகன் எழுதியவையும்தான். மகனின் கடிதங்கள் இன்று கன்பரா யுத்த நினைவகத்தில் உள்ளன. கலிப்பொலியின் லோன் பைன் நினைவுச் சின்னத்தில், கல்லறையில்லாத ஆயிரக்கணக்கானோரின் பெயர்களோடு ஜிம்மின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது.