நாவலர் கண்ட பிழையும் காணாத பிழையும்

நல்லூரில் 1822ஆம் ஆண்டு பிறந்த ஆறுமுக நாவலரைச் சைவத்தின் காவலர் என்றே போற்றிப் பழகிவிட்டோம். அவர் தேர்ந்த தருக்கவாதியும் ஆவார் என்பது போதிய அளவு பேசப்படவில்லை.

யாழ்ப்பாணத்து மெதடிஸ்த பாடசாலையில் பயின்று, அங்கேயே ஆசிரியரான நாவலர், பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றார். எதிர்த்தரப்பின் வேதத்தை வரிவரியாக அறிந்தவர் அவர். விவிலியம் தேவவாக்கு, ஆதலால் மெய்; தேவவாக்கு என்பதற்குச் சான்று விவிலியமே. மிஷனரிப் பிரசாரத்தின் அடித்தளத்தில் இத்தகைய வாதமே இருந்தது. இவ்வாறு ஒன்றையொன்று பற்றி நிற்பதை நம் தருக்க நூலார் அந்நியோந்நியாச்சிரயம் என்பர். குற்றம் என்றும் தள்ளுவர்.

நாவலர் அந்த வட்டத்தை வெளியிலிருந்து உடைக்க முயலவில்லை; உள்ளே புகுந்தார். 1854இல் வெளிவந்த சைவதூஷண பரிகாரம், ஆலயம், தீபம், தூபம், நிவேதனம், திருநாள் ஆகிய யாவற்றுக்கும் பழைய ஏற்பாட்டிலிருந்தே ஒப்புமை காட்டியது. ஒருவருக்குத் தேவ விதியாக இருப்பது மற்றவருக்கு மட்டும் மூடத்தனமாவது எங்ஙனம் என்பதே நூலின் சாரம். தமக்கொரு நீதி, பிறர்க்கொரு நீதி என்ற வழுவை இதைவிடத் தெளிவாக உணர்த்த இயலாது.

1848இல் வண்ணார்பண்ணையில் அவர் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையும், பஞ்சகாலத்தில் நடத்திய கஞ்சித்தொட்டியும் நாடறிந்தவை.

ஆனால் 1867இல் இராமலிங்க அடிகளின் பாடல்கள் திருவருட்பா என்ற பெயருடன் அச்சேறியபோது நாவலரின் தராசு சாய்ந்தது என்றே கருத வேண்டியுள்ளது. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் ஆகிய ஐந்துமே அருட்பா என்றார் அவர். பாடியவர்கள் அருள்பெற்றோர் என்பதற்கு அற்புதங்கள் சான்று. நாயன்மாரின் அற்புதங்களுக்குப் பெரியபுராணம் சான்று. பெரியபுராணமோ அந்த ஐந்தனுள் ஒன்று! பாதிரிமாரிடம் இருந்த அதே வட்டம். சிவஞான முனிவரின் தருக்க சங்கிரகத்தைப் பதிப்பித்த பேரறிஞருக்கு இது புலப்படாமற் போனது விந்தையே. விவகாரம் 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது.

அடிகள் 1874இலும் நாவலர் 1879இலும் மறைந்த பின்னரும் பூசல் ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாவலர் பக்கம் வாதிட்டவர் மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை. அருட்பாவின் பக்கம் மேடையேறியவர்களுள் ஒருவர், ஐந்து நூல்களையும் வேதமாகக் கொள்ளாத இஸ்லாமியர், சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர்.