நேர்த்திக்கடனாய் எழுந்த வைத்தியசாலை



துன்ப வேளையில் புனிதர்களின் பரிந்துரையை நாடி நேர்த்தி வைப்பது நம்மிடையே நெடுநாள் வழக்கம். கேட்டது கிடைத்ததும் மெழுகுதிரி ஏற்றுகின்றோம், திருப்பலி ஒப்புக்கொடுக்கின்றோம், வசதி படைத்தோர் ஆலயத்துக்குச் சுரூபம் வாங்கிக் கொடுக்கின்றனர். நேர்த்திக்கடன் அத்துடன் தீர்ந்துவிடுகின்றதா? அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் டானி தோமஸின் வாழ்வு இக்கேள்வியை நம்முன் வைக்கின்றது.

லெபனானிலிருந்து குடியேறிய மரோனைற் கத்தோலிக்கப் பெற்றோரின் பத்துப் பிள்ளைகளுள் ஒருவராக, 1912ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் திகதி மிச்சிகன் மாநிலத்தில் அவர் பிறந்தார். கைரூஸ் என்பது அவரது குடும்பப் பெயர். தம் சகோதரர் இருவரின் பெயர்களை இணைத்தே டானி தோமஸ் என்ற மேடைப் பெயரைச் சூடிக்கொண்டார்.

1936இல் அவருக்குத் திருமணமாயிற்று. கேளிக்கை விடுதிகளில் கிடைத்த சொற்ப வருமானம் குடும்பத்துக்குப் போதவில்லை. முதற் குழந்தையின் பிரசவச் செலவுக்கும் வழியில்லாத நிலையில், டெற்றோயிற் நகர ஆலயமொன்றில் கையிலிருந்த கடைசி ஏழு டொலர்களைக் காணிக்கையாக இட்டு அவர் மன்றாடினார். மறுநாளே அதைப்போல் பத்து மடங்கு ஊதியம் தரும் சிறு வேலையொன்று கிடைத்ததாக அவர் பின்னாளில் கூறுவதுண்டு. சில ஆண்டுகளின் பின் மீண்டும் எதிர்காலம் இருண்டபோது, கைவிடப்பட்டோரின் பாதுகாவலரான புனித யூதா ததேயுவிடம் நேர்த்தி வைத்தார்: வாழ்வில் தமக்கு வழிகாட்டினால் அவர் பெயரால் திருத்தலம் ஒன்றை எழுப்புவதாக வாக்களித்தார்.

வழி திறந்தது. வானொலியிலும் திரைப்படத்திலும் முன்னேறிய அவர், 1953இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரால் நாடறிந்தவரானார். அவர் தம் வாக்கை மறக்கவில்லை. திருத்தலம் எந்த வடிவில் அமையவேண்டும் என்று நண்பர்களோடு கலந்தாராய்ந்தார். தீராத நோயுற்ற சிறுவர்களை இனம், மதம், பண வசதி எதனையும் பாராது ஏற்கும் வைத்தியசாலையாக அது அமையட்டும் எனத் தீர்மானித்தார். சிறுவயதில் அவருக்கு உறுதிப்பூசுதல் வழங்கிய கர்தினால் சாமுவேல் ஸ்ட்ரிச், மெம்பிஸ் நகரைப் பரிந்துரைத்தார்.

கட்டடம் எழுப்பப் பணம் வேண்டும். அதை நாள்தோறும் நடத்துவதற்கோ அதனிலும் மேலாக வேண்டும். டானியும் மனைவி றோஸ் மேரியும் காரில் நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்று நிதி திரட்டினர். புகழின் உச்சியில் இருந்தவர் பிள்ளைகளுக்காகப் பிறரிடம் கையேந்த வெட்கப்படவில்லை. 1957இல் லெபனானிய, சிரிய வழிவந்த அமெரிக்கரை ஒன்றுதிரட்டினார். தம் பெற்றோருக்குப் புகலிடம் தந்த நாட்டுக்கு நன்றிக்கடன் செலுத்துவோம் என்ற அழைப்பை ஏற்று அவர்கள் தொடங்கிய அல்சாக் அமைப்பு, வைத்தியசாலைக்கான நிதியை இன்றும் திரட்டி வருகின்றது.

கறுப்பினக் கட்டடக் கலைஞரான போல் வில்லியம்ஸ் வரைபடத்தை ஊதியமின்றி வழங்கினார். 1962ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் திகதி புனித யூதா சிறுவர் ஆராய்ச்சி வைத்தியசாலை திறக்கப்பட்டது. நிறவேற்றுமை வேரூன்றியிருந்த அந்நகரில் வெள்ளையினச் சிறுவரும் கறுப்பினச் சிறுவரும் அங்கு ஒன்றாகச் சிகிச்சை பெற்றனர்.

அக்காலத்தில், சிறுவர்களைத் தாக்கும் இரத்தப் புற்றுநோய்களுள் மிகப் பரவலான வகைக்கு ஆளான நூறு பேரில் ஏறத்தாழ நால்வரே பிழைத்தனர். முதற் பணிப்பாளர் வைத்தியர் டொனல்ட் பிங்கலும் குழுவினரும் பல மருந்துகளையும் கதிர்ச் சிகிச்சையையும் இணைத்து, நோய் தணிவதோடு அமையாமல் முற்றாகக் குணமாகவேண்டும் என்று உழைத்தனர். அங்கும் பிற இடங்களிலும் தொடர்ந்த ஆராய்ச்சியின் பயனாக, இன்று அங்கு சிகிச்சை பெறுவோரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் பிழைக்கின்றனர். சிகிச்சைக்கோ பயணத்துக்கோ தங்குமிடத்துக்கோ உணவுக்கோ எக்குடும்பத்திடமும் அங்கு கட்டணம் கேட்பதில்லை. செலவின் பெரும்பகுதியைப் பொதுமக்களின் நன்கொடைகளே தாங்குகின்றன.

1991ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் திகதி டானி இறைவனடி சேர்ந்தார். அவரது உடல் அவ்வைத்தியசாலை வளாகத்திலேயே துயில்கொள்கின்றது.

அன்பர்களே, நேர்த்தி வைத்தவர் ஒருவர். அதைத் தீர்த்தவர்களோ எண்ணற்றோர். அவர்களுட் பலர் புனித யூதாவை அறியாதவர்கள். தம் நன்றியை நோயுற்ற பிள்ளைகளின் பக்கம் டானி திருப்பியமையாலேயே அதில் எல்லோரும் பங்குகொள்ள முடிந்தது. புனித யூதாவின் திருச்சுரூபம் அவ்வைத்தியசாலையிலும் உண்டு. ஆனால் அவருக்கு வாக்களித்த திருத்தலம், சிறுவர்கள் நலம்பெறும் அந்த விடுதிகள்தாம்.

நம் நேர்த்திகளையும் சற்று எண்ணிப் பார்ப்போம். ஏற்றும் மெழுகுதிரியோடு, மருந்து வாங்க வழியற்ற ஒரு பிள்ளைக்கும் அதில் பங்குண்டா? அடுத்த நேர்த்தியை வைக்கும்போது அப்பிள்ளையையும் நினைவிற்கொள்ள இறைவன் நமக்கு அருள்வாராக.