சோர்ந்துபோகாத சப்பாத்துத் தொழிலாளி

வாழ்க்கையில் உயர்ந்தவர்களைப் பற்றிப் பேசும்போது, அவர்களுக்கு இயல்பாகவே அமைந்த திறமையையே நாம் முதலில் நினைக்கிறோம். அத்தகைய திறமை நமக்கு இல்லையே என்று ஏங்கி, தொடங்கிய காரியங்களைப் பாதியில் கைவிட்டும் விடுகிறோம். கல்வியிலும் தொழிலிலும் ஊழியத்திலும் இவ்விதம் பாதிவழியில் நின்றுபோனவை எத்தனை! இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் வங்காளத்தில் பணியாற்றிய வில்லியம் கேரியின் வாழ்க்கை நமக்கு வேறொரு பாடத்தைக் கற்பிக்கின்றது. எடுத்த காரியத்தில் மெதுவாகவேனும் விடாமல் நடந்துகொண்டிருக்கும் குணம் ஒன்றே தமக்கு உண்டு என அவர் தம் சகோதரரின் மகனிடம் கூறியிருக்கின்றார். தம் வாழ்க்கை வரலாற்றை எழுதுபவர் அதை மட்டும் ஒப்புக்கொண்டால் போதும் என்பதே அவருடைய எண்ணமாயிருந்தது.

வில்லியம் கேரி 1761ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17ஆம் திகதி, இங்கிலாந்தின் நோர்தம்ப்டன்ஷயரிலுள்ள போலர்ஸ்பெரி என்னும் கிராமத்தில் பிறந்தார். தந்தையார் நெசவாளர், பின்னர் கிராமப் பாடசாலையின் ஆசிரியரானார். வெயிலைத் தாங்காத ஒரு தோல் நோய் இருந்தமையால் வயல்வேலை சிறுவனுக்கு ஒத்துவரவில்லை. ஆகவே 14ஆவது வயதளவில் சப்பாத்துத் தைக்கும் தொழிலைப் பழக அனுப்பப்பட்டார். தொழில் பழகிய இடத்தில் கிடைத்த வேத வியாக்கியான நூலொன்றில் கிரேக்கச் சொற்கள் இருந்தன. அவற்றின் பொருள் விளங்காத கேரி, அச்சொற்களைப் பார்த்தெழுதி, தம் ஊரில் கிரேக்கம் கற்றிருந்த ஒரு நெசவாளரிடம் கொண்டுபோய் விளக்கம் கேட்டார். இவ்வாறு தொடங்கிய ஆர்வம் கிரேக்கத்தோடு நிற்கவில்லை. இலத்தீன், எபிரேயம், ஒல்லாந்தம், பிரெஞ்சு ஆகிய மொழிகளையும் பெரும்பாலும் தம் சொந்த முயற்சியாலேயே கற்றார். தொழிற்கூடத்தின் சுவரில், தாமே வரைந்த உலகப் படம் ஒன்றை ஒட்டி, ஒவ்வொரு நாட்டின் மக்கள்தொகையையும் சமயத்தையும் அதில் குறித்து வைத்தார்.

பிற்காலத்தில் சிறு சபையொன்றின் போதகராகவும் பாடசாலை ஆசிரியராகவும் இருந்தபோதும், குடும்பத்தைக் காப்பாற்ற அவர் சப்பாத்துத் தைக்க வேண்டியிருந்தது. தூர தேசங்களுக்கு நற்செய்தியை அறிவிக்கும் கடமையைப் பற்றி 1792இல் ஒரு நூலை வெளியிட்டார். அதே ஆண்டு ஒக்டோபர் மாதம் பப்டிஸ்ட் மிஷனரிச் சங்கம் உருவாயிற்று. 1793இல் குடும்பத்தோடு கப்பலேறி, நவம்பர் மாதம் வங்காளத்தை அடைந்தார். அதன்பின் 41 ஆண்டுகள், தாயகத்திற்கு ஒருமுறையேனும் திரும்பவில்லை.

தொடக்க ஆண்டுகள் கண்ணீரின் ஆண்டுகளாயிருந்தன. கையில் பணமில்லை. கிழக்கிந்தியக் கம்பனி மிஷனரிமாரை விரும்பவுமில்லை. பிழைப்புக்காக 1794இல் முத்னாபாட்டி என்னுமிடத்தில் அவுரிச் சாயத் தொழிற்சாலையொன்றின் மேற்பார்வையாளரானார். அவ்வாண்டிலேயே ஐந்து வயது மகன் பீற்றர் நோயினால் இறந்தான். மனைவி டொரத்தியின் மனநிலை பாதிக்கப்பட்டது. 1807இல் அவர் மறையும் வரை அந்த நோய் தீரவேயில்லை. ஏழு ஆண்டுகள் உழைத்தும் அவருடைய போதனையைக் கேட்டு ஞானஸ்நானம் பெற முன்வந்த வங்காளி ஒருவருமில்லை. கிருஷ்ண பால் என்ற தச்சரே முதலாமவராக 1800 டிசம்பரில் ஞானஸ்நானம் பெற்றார்.

பலனற்றவை போலத் தோன்றிய அந்த ஏழு ஆண்டுகளில் கேரி என்ன செய்தார்? பகலில் தொழிற்சாலையைக் கவனித்தார். வங்காள மொழியையும் சமஸ்கிருதத்தையும் கற்றார். புதிய ஏற்பாட்டைப் பகுதி பகுதியாக மொழிபெயர்த்தார். ஆகவே 1800இல் டென்மார்க்கின் ஆட்சியிலிருந்த செராம்பூருக்கு அவர் குடிபெயர்ந்து, அங்கு அச்சுக்கூடம் அமைந்தபோது, அச்சிடுவதற்குரிய நூல் ஆயத்தமாயிருந்தது. 1801இல் வங்காளப் புதிய ஏற்பாடு வெளிவந்தது.

அவ்வாண்டிலேயே கல்கத்தாவின் கோட்டை வில்லியம் கல்லூரியில் மொழி ஆசிரியராக, மாதம் 500 ரூபா சம்பளத்தில் நியமனம் பெற்றார். சம்பளத்தின் பெரும்பகுதி செராம்பூர் ஊழியத்தின் பொதுப் பணப்பைக்கே சென்றது. 1806ஆம் ஆண்டு அவர் எழுதிய கடிதமொன்று அவருடைய ஒருநாள் வாழ்வைக் காட்டுகின்றது. காலை 5.45 மணிக்கு எழுந்து எபிரேய வேதத்தில் ஓர் அதிகாரம் வாசித்தார். ஏழு மணிவரை தனி ஜெபம் செய்தார். பின்னர் வங்காள மொழியில் குடும்ப ஜெபம் நடத்தினார். தேநீர் ஆயத்தமாகும் இடைவேளையிலும் பாரசீகம் படித்தார். காலையுணவின் பின் பத்து மணிவரை, பண்டிதர் ஒருவரோடு இராமாயண மொழிபெயர்ப்பு. அதன்பின் கல்லூரி வகுப்புகள். மாலையில் அச்சுப்படி திருத்தம், சமஸ்கிருத மொழிபெயர்ப்பு, தெலுங்குப் பாடம். இரவு ஏழரை மணிக்குப் பிரசங்கம். இரவு பதினொரு மணிவரை மீண்டும் மொழிபெயர்ப்பு. கடிதம் எழுதத் தாமதித்தமைக்கு விளக்கமாகவே இவற்றை அவர் குறிப்பிட்டார். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு பணி. ஒவ்வொரு பணிக்கும் ஓர் அளவு. இதுவே அவருடைய முறை.

1812 மார்ச் 11ஆம் திகதி மாலை செராம்பூர் அச்சுக்கூடத்தில் தீப்பற்றியது. பெருந்தொகையான காகிதமும், பல கீழைத்தேய மொழிகளின் அச்செழுத்துகளும் அழிந்தன. அவற்றைவிட மேலாக, கேரி பல ஆண்டுகள் உழைத்துத் தொகுத்த பன்மொழி அகராதியும், இலக்கண நூல்களும், வேதாகம மொழிபெயர்ப்புகளும் கையெழுத்துப் பிரதிகளாகவே சாம்பலாயின. கல்கத்தாவிலிருந்த கேரிக்கு மறுநாள் சக ஊழியர் மார்ஷ்மன் செய்தியைக் கொண்டுவந்தார். மற்றொரு சக ஊழியரான வோட் இடிபாடுகளுக்குள் தேடியபோது, எழுத்துகளை வார்க்கும் அச்சுகள் சேதமின்றிக் கிடந்தன. உருகிய உலோகத்தைத் திரட்டி மீண்டும் எழுத்துகளை வார்த்தார்கள். சில வாரங்களுக்குள் அச்சு வேலை தொடங்கிற்று.

எரிந்துபோன கையெழுத்துப் பிரதிகளுக்கோ வார்ப்பச்சு ஏதுமில்லை. ஆனால் அவற்றை உருவாக்கிய நாளொழுங்கு கேரியிடத்தில் அழியாமல் இருந்தது. ஒருமுறை நடந்த பாதையில் மறுமுறை நடப்பது இலகு என்று தம்மைத் தேற்றிக்கொண்டு, மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினார். நம் உழைப்பின் பலன் ஒரே இரவில் அழிந்துபோகலாம். அந்த உழைப்பினால் நமக்குள் உருவான நல்ல பழக்கத்தை எந்தத் தீயும் தொடுவதில்லை.

இவ்வாறு செராம்பூரிலிருந்து ஏறத்தாழ 40 மொழிகளில் வேதாகமம் முழுமையாகவோ பகுதியாகவோ வெளிவந்தது. 1818இல் செராம்பூர் கல்லூரி நிறுவப்பட்டது. 1829 டிசம்பரில் உடன்கட்டை ஏறுதலைத் தடைசெய்யும் சட்டம் மொழிபெயர்ப்புக்காக ஞாயிற்றுக்கிழமையன்று கேரியின் கைக்கு வந்தது. தாமதிக்கும் ஒவ்வொரு மணிநேரமும் ஓர் உயிரைப் பறிக்கக்கூடும் என்று கருதி, அன்றைய பிரசங்கத்தை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, மாலைக்குள் அதனை வங்காள மொழியில் முடித்துக்கொடுத்தார். நமது நாடும் இந்த ஊழியத்தின் பலனைக் கண்டது. செராம்பூர் குழுவைச் சேர்ந்த ஜேம்ஸ் சேற்றர் 1812இல் கொழும்புக்கு வந்து, இலங்கையில் பப்டிஸ்ட் ஊழியத்தை ஆரம்பித்தார்.

ஆயினும், கேரி தனித்து நின்று சாதித்தவரல்லர். மார்ஷ்மனும் வோடும் பொறுப்புகளைப் பங்கிட்டுக்கொண்டனர். சனிக்கிழமை மாலைதோறும் கூடி, தங்களுக்குள் எழுந்த மனத்தாங்கல்களைப் பேசித் தீர்ப்பதை அக்குடும்பத்தினர் வழக்கமாக்கிக்கொண்டனர். இன்றைய அலுவலகங்களுக்கும் குடும்பங்களுக்கும் இப்பழக்கம் எவ்வளவு தேவை! அதேவேளை, கேரியின் இடைவிடாத உழைப்புக்கு அவருடைய இல்லம் பெரிய விலை கொடுத்தது என்பதையும் மறைக்கலாகாது. டொரத்தி நோயோடு தனிமையையும் சுமந்தார். கண்டிப்பாரின்றி வளர்ந்த புதல்வர்களைச் சீர்ப்படுத்தும் பொறுப்பு, மார்ஷ்மனின் மனைவி ஹன்னாவின் மேலும் வோடின் மேலும் விழுந்தது. நாளின் வேளைகளைப் பங்கிடும்போது, நம் வீட்டாருக்குரிய வேளையையும் குறித்து வைக்க வேண்டும் என்பதை இது நமக்கு உணர்த்துகின்றது.

அன்பான வாசகர்களே, பரீட்சையில் தவறிய மாணவரும், வியாபாரத்தில் நட்டமடைந்தவரும், முயற்சிகள் பலனளிக்கவில்லையே என்று கலங்கும் ஊழியரும் இன்று நம் மத்தியில் உண்டு. பெரிய தீர்மானங்களைத் தேடி அலையவேண்டியதில்லை. நாளைய காலையில் எழும் வேளையையும், அவ்வேளையில் செய்யும் ஒரு சிறு பணியையும் நிச்சயித்துக்கொள்ளுங்கள். மறுநாளும் அதையே செய்யுங்கள். ஒருநாள் தவறினால், அடுத்த நாள் மீண்டும் தொடங்குங்கள்.

1834 ஜூன் 9ஆம் திகதி செராம்பூரில் கேரி கண்மூடினார். கடைசிக் காலத்திலும் அவர் தம் வங்காள வேதாகமத்தைத் திருத்திக்கொண்டேயிருந்தார். நமக்குக் கொடுக்கப்பட்ட பணி சிறியதாயினும், அதை இறுதிவரை விடாது செய்யும் பொறுமையை ஆண்டவர் நம் ஒவ்வொருவருக்கும் அருள்வாராக.