மண்புழுவுக்குப் பியானோ வாசித்த வீடு

சார்லஸ் டார்வின் என்றதும் நம்ம எல்லாருக்கும் பரிணாமக் கொள்கையும் குரங்குப் படமும்தான் ஞாபகம் வரும். ஆனால் அவர் கடைசியாக எழுதிய புத்தகம் எதைப் பற்றித் தெரியுமா? மண்புழுவைப் பற்றி!

1809-ல் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் பிறந்தார். 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றினார். அதெல்லாம் பாடப் புத்தகத்திலேயே இருக்கு. ஊர் திரும்பியதும் தாய்மாமா ஜோசையா வெட்ஜ்வுட்டைப் பார்க்கப் போனார். மாமா ஒரு புல்வெளியைக் காட்டினார். பல வருடங்களுக்கு முன் மேலே தூவிய சுண்ணாம்பும் சாம்பல் கட்டியும் இப்போது மண்ணுக்கு அடியில் கிடந்தன. யாரும் மண் போட்டு மூடவில்லை. எல்லாம் மண்புழுக்களின் வேலையாக இருக்கும் என்பது மாமாவின் எண்ணம். மருமகன் அதை அப்படியே பிடித்துக்கொண்டு 1837-ல் லண்டன் புவியியல் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். 1839-ல் அந்த மாமாவின் மகள் எம்மாவையே கல்யாணமும் செய்துகொண்டார். (மாமன் மகளைக் கட்டுவது நம்ம ஊரில் மட்டும் இல்லை போல!)

1842-ல் கென்ட் பகுதியில் டவுன் கிராமத்துக்குக் குடி போனார்கள். அந்த வருடம் டிசம்பரில் வீட்டுக்குப் பக்கத்து வயலில் சுண்ணக்கல் துண்டுகளைத் தூவிவிட்டு, டார்வின் காத்திருந்தார். எவ்வளவு நாள்? 29 வருடம்! நடுவில் 1869-ல் ஒருவர், இத்தனூண்டு புழு இவ்வளவு மண்ணைப் புரட்டுமா என்று பத்திரிகையில் சந்தேகம் கிளப்பினார். தோட்டக்காரர்கள் பலர் புழுவைத் தொல்லை என்றே நினைத்த காலம் அது. 1871-ல் அந்த வயலில் பள்ளம் தோண்டிப் பார்த்தால், வெள்ளைக் கோடு மாதிரி சுண்ணக்கல் 7 அங்குல ஆழத்தில் இருந்தது. சந்தேகப்பட்டவருக்கு இதைவிட நல்ல பதில் என்ன வேண்டும்?

வயதான காலத்தில் வீட்டுக்குள்ளேயே தொட்டிகளில் புழு வளர்த்தார். காது கேட்குமா என்று பார்க்க விசில் ஊதினார்கள், கத்தினார்கள், மகன் பஸூன் என்ற பெரிய ஊதுகுழலை வாசித்தார், எம்மா பியானோ வாசித்தார். புழுக்கள் அசையவே இல்லை. தொட்டியைப் பியானோ மேலேயே வைத்து ஒரு கட்டையை அழுத்தியதும் சட்டென்று வளைக்குள் போய்விட்டன! காது இல்லை, அதிர்வு மட்டும் தெரியும். அப்புறம் காகிதத்தில் சுமார் 300 முக்கோணங்கள் வெட்டி, நனைந்து தொய்யாமல் இருக்கக் கொழுப்புத் தடவிப் போட்டார். புழுக்கள் பெரும்பாலும் கூர்முனையைப் பிடித்தே இழுத்தன. இலையையும் இப்படித்தான், சுலபமாக நுழையும் பக்கம் பார்த்து இழுக்கும்.

அந்த இலையில்தான் நமக்கு இன்று முக்கியமான விஷயம் இருக்கிறது. செடி காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்து இலையாக்குகிறது. இலை மேலேயே கிடந்து மக்கினால் அதில் பெரும்பகுதி கார்பன் திரும்பக் காற்றுக்கே போய்விடும். புழு அதை உள்ளே இழுத்து, மண்ணோடு சேர்த்துத் தின்று, குட்டிக் குட்டி உருண்டைகளாகக் கழிக்கிறது. உருண்டை காய்ந்து இறுகினால் உள்ளே மாட்டிக்கொண்ட இலைத் துணுக்கை நுண்ணுயிரிகளால் சீக்கிரம் எட்ட முடியாது. கார்பன் மண்ணிலேயே தங்கும். ஆனால் புழு தின்னும்போதும் மண்ணைக் கிளறும்போதும் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு வெளியேறவும் செய்கிறது. வரவா செலவா என்று விஞ்ஞானிகள் இன்னமும் கணக்குப் போடுகிறார்கள். டார்வின் இந்தக் கார்பன் கணக்கைப் போடவில்லை. ஒரு ஏக்கரில் வருடத்துக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடல் வழியாகப் போகிறது என்பது அவர் போட்ட கணக்கு.

புத்தகம் 1881 அக்டோபரில் வந்தது. ஆயிரக்கணக்கில் விற்றது. 1882 ஏப்ரல் 19-ல் டார்வின் இறந்தார். தோட்டத்தில் ஒரு வட்டக் கல் பதித்து, அது எவ்வளவு இறங்குகிறது என்று அளந்துகொண்டிருந்தார்கள். அப்பா போன பிறகும் மகன் ஹோரஸ் அளப்பதை விடவில்லை. வருடத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் இறங்குகிறது என்று 1901-ல் வெளியிட்டார்.