சிவனொளிபாதமலை ஏறிய தாஞ்சியர்ப் பயணி

இரணைமடுக் குளத்து நீர் பாய்ந்து விளையும் வட்டக்கச்சியிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் குறிஞ்சித் திணையைக் கற்பிப்பது எளிதன்று. முல்லையை விளக்க வேண்டுமாயின் சாளரத்துக்கு வெளியே கைநீட்டிக் காட்டைக் காட்டலாம். மருதத்துக்குக் கண்ணெதிரே வயல் உண்டு. நெய்தலுக்கும் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. சுண்டிக்குளத்துக் கடல் இருக்கிறது. மலைக்கு எதனைக் காட்டுவது? குளத்து அணைக்கட்டே எம் பிள்ளைகள் அறிந்த உயரம். போர்க்காலத்தில் ஒருநாள், குறிஞ்சியின் கருப்பொருள்களை நான் அடுக்கிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, ஐயா மலையைக் கண்டதுண்டோ என்று பணிவோடு வினவினான். இல்லை என்பதே உண்மை. வன்னியிலிருந்து தெற்கே செல்வது எம்மிற் பலர்க்கும் அரிதாயிருந்த காலம் அது. வெட்கத்தோடு இல்லை என்றேன்.

அவ்வினா என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. மலையைக் கண்டவர் சரித்திரத்தையேனும் கற்றுச் சொல்வோம் என்று எண்ணி, இலங்கைக்கு வந்த பிறநாட்டு யாத்திரிகரைப் பற்றித் தேடிப் படிக்கலானேன். அவருள் என் உள்ளத்தைப் பெரிதும் பிணித்தவர் இப்னு பதூதா என்பவர். அவருடைய வரலாற்றை இன்று வாசகர்முன் வைக்க விரும்புகிறேன்.

ஆபிரிக்காவின் வடமேற்கு மூலையிலே, மொறோக்கோ நாட்டுத் தாஞ்சியர் என்னும் துறைமுக நகரில், 1304 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அவர் பிறந்தார். இசுலாமிய நீதிநூல் கற்றுக் காதியாகப் பணிபுரிந்தோர் பலரைக் கண்ட குடும்பம் அது. அவரும் அக்கல்வியே கற்றார். 1325 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், 21 வயதினராய், மக்கா யாத்திரையை உட்கொண்டு வீட்டினின்றும் புறப்பட்டார். கூட்டத்தோடு புறப்படவில்லை, வழித்துணையும் இல்லை. பெற்றோர் இருவரும் அப்பொழுது உயிரோடிருந்தனர். அவர்களைப் பிரிவது பெருந்துயராயிருந்தும் மனத்தை வன்மையாக்கிக்கொண்டு நடந்தார். மறுபடி அவ்வூரை மிதிப்பதற்கு 24 ஆண்டுகள் செல்லும் என்பதை அன்று அவர் அறியார்.

அவர் வரலாற்றில் யான் பலகாலும் எண்ணிப் பார்ப்பது தூனிசு நகரில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி. வழியிலே சிலரோடு சேர்ந்துகொண்டு அந்நகரை அடைந்தார். நகரத்தார் எதிர்வந்து, தத்தமக்கு அறிமுகமானவர்களை முகமன் கூறி அழைத்துச் சென்றனர். இவரை அறிந்தவர் அங்கே ஒருவரும் இலர். வாவென்று சொல்ல நாதியின்றி நின்ற அவ்விளைஞருக்குக் கண்ணீர் பெருகியது. அது கண்ட யாத்திரிகர் ஒருவர் அருகே வந்து நலம் உசாவி, அன்பு மொழி பேசி, நகருட் புகும்வரை உடன் சென்றார். உலகின் பாதியைப் பின்னாளிற் கண்ட ஒருவர், முதியவராகித் தம் கதையைச் சொல்லும்போதும் அந்த ஒரு முகமனை மறவாதிருந்தார் என்றால், அதன் அருமை எத்தகையது!

அதன்பின் அவர் நடந்த நடையை விரிப்பின் இவ்விதழ் இடங்கொள்ளாது. 1326 இல் மக்காவைத் தரிசித்தார். யாத்திரை முடிந்தும் வீடு திரும்ப மனம் வரவில்லை. ஈராக்கு, பாரசீகம், கிழக்காபிரிக்கக் கரை, துருக்கி நாடு, கொன்சுதாந்திநோப்பிள் எனச் சுற்றினார். கூடுமானவரை ஒருமுறை நடந்த வழியால் மறுமுறை நடப்பதில்லை என்பது அவர் தமக்கு வகுத்துக்கொண்ட விதி. இந்துகுசு மலைத்தொடரைக் கடந்து, 1333 ஆம் ஆண்டு செப்டம்பரில் சிந்து நதிக்கரையை அடைந்தார். தில்லியிலே முகம்மது பின் துக்ளக்கின் அரசவையில் காதியாக அமர்ந்து, அம்மன்னனின் வள்ளன்மையையும் கொடுமையையும் ஒருங்கே கண்டார். பின்பு சீனத்துக்குத் தூதராக அனுப்பப்பட்டார். கோழிக்கோட்டுக் கடலிலே புயல் எழுந்து, தூதுப் பொருள்களை ஏற்றிய மரக்கலத்தை உடைத்தது. தில்லிக்குத் திரும்ப அஞ்சி மாலைதீவுக்குச் சென்றார். அங்கும் காதியாயினார்; மணமும் புரிந்தார்; அரசியற் பகையும் தேடிக்கொண்டார். அத்தீவை விட்டு 1344 ஆம் ஆண்டிலே கப்பலேறியபோதுதான் எம் நாட்டு மலை அவர் கண்ணிற் பட்டது.

கடலில் நெடுந்தொலைவிலிருந்தே செரண்டீப் மலை புகைத்தூண்போல் வானளாவி நின்றதை அவர் கண்டார். கப்பல் கரையை நெருங்கியபோது மாலுமி அஞ்சினான். அத்துறை ஆரியச்சக்கரவர்த்திக்கு உரியது என்றும், அவர் கொடியவர், அவருடைய கலங்கள் கடற்கொள்ளை அடிப்பன என்றும் சொல்லி இறங்க மறுத்தான். காற்றோ கடுமையாயிற்று. அந்நிலையில் இப்னு பதூதா, என்னைக் கரையில் இறக்கிவிடுக, உனக்கும் அபயம் பெற்றுத் தருவேன் என்று துணிந்து சொல்லி இறங்கினார். மரத்தாலான மதிலும் மரக் கொத்தளங்களும் சூழ்ந்த சிறிய அழகிய நகர் அது. இன்றைய புத்தளம் என்பர். மலையாறுகள் அடித்துக்கொண்டு வந்த கறுவாக் கட்டைகள் கரையெங்கும் குன்றுகளாய்க் குவிந்து கிடந்தன.

யாழ்ப்பாண அரசை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளுள் ஒருவரே அவ்வரசர் என்பது சரித்திர ஆசிரியர் துணிபு. மாலுமி அஞ்சிய அவ்வேந்தர் எழுந்து வந்து விருந்தினரை வரவேற்றார். பாரசீக மொழி அறிந்திருந்தமையால் அவரோடு நேரே அளவளாவினார். முத்துக்குளிப்பிலே கிடைத்த முத்துகளைக் காட்டி, நல்லனவற்றைப் பரிசாகவும் அளித்தார். மூன்று நாள் விருந்தோம்பிய பின், வேண்டுவது யாது என வினவினார். பொன்னும் மணியும் கேட்கத்தக்க நேரம். இப்னு பதூதாவோ, இத்தீவுக்கு வந்தது முதல் எனக்குள்ள ஆசை ஒன்றே, ஆதம் நபியின் பாதத்தைக் காணவேண்டும் என்றார். அரசர் உடனே பல்லக்கு ஒன்றும் அதனைச் சுமப்போரும் தந்தார். ஆண்டுதோறும் அப்பாதத்தைத் தரிசிக்கும் யோகியர் 4 பேர், பிராமணர் 3 பேர், தம் பரிவாரத்தார் 10 பேர், உணவுப் பொருள் சுமப்போர் 15 பேர் ஆகியோரையும் உடன் அனுப்பினார். சைவ மன்னர் ஒருவர், இசுலாமிய யாத்திரிகர் ஒருவருக்கு, யோகியரையும் பிராமணரையும் வழித்துணையாக்கி மலைக்கு விடுத்த இச்செயல், எம் நாட்டுப் பழைய அரசியற் பண்புக்கு ஒரு நற்சான்று.

கடற்கரை வழியே சிலாபம் சென்று, குனகார் என அவர் பெயரிட்ட நகரை அடைந்தனர். அது குருநாகல் என்பாரும் கம்பளை என்பாரும் உளர். அங்கே சீராசு நகரத்துப் பெரியார் ஒருவரைப் பற்றிய கதையைக் கேட்டார். அப்பெரியாரும் தோழரும் மலைக்குச் செல்லும் வழியிலே பசியால் வாடினர். அவர் தடுத்தும் கேளாது தோழர் யானைக்கன்று ஒன்றைக் கொன்று தின்றனர். இரவில் யானைகள் வந்து ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்துத் தின்றவரையெல்லாம் கொன்றன. ஊனைத் தொடாத பெரியாரை மாத்திரம் ஒரு யானை முதுகில் ஏற்றி ஊர்ப்புறத்தே இறக்கிச் சென்றது. அதுமுதல் அந்நாட்டார் முசுலிம்களை மதித்துத் தம் வீடுகளில் இடமளித்தனர் என்பது கதை. யானையோடு பக்கத்துக் காணியில் வாழும் எம் மாணவர்க்கு இக்கதையிற் பாதியை நான் சொல்லத் தேவையில்லை. மீதியை அவர்களே முடித்துவிடுவர்.

மலைக்காட்டிலே தாடி வளர்ந்த கருங்குரங்குகளைக் கண்டார். நீர்நிலையருகே புல்லிலும் மரத்திலும் இருந்து பாயும் அட்டைகளைக் கண்டார். அவற்றின்மேற் பிழிவதற்கென யாத்திரிகர் தேசிக்காய் கொண்டு செல்வதையும் குறித்தார். இலையுதிராத மரங்களையும், பன்னிற மலர்களையும், உள்ளங்கை அளவான செந்நிற ரோசாவையும் கண்டு வியந்தார். மலைக்கு ஏறும் வழிகள் இரண்டு. பாவாவின் வழி ஆதமுக்குரியது; கடினமானது. மாமாவின் வழி ஏவாளுக்குரியது, எளியது. எளிய வழியால் ஏறினவர் ஏறினவராகவே மதிக்கப்படார் என்பது அக்கால வழக்கு. ஆகவே கடிய வழியால் ஏறினார். பாறையிலே வெட்டிய படிகளும், இருப்பாணிகளிற் பிணைத்த 10 சங்கிலிகளும் இருந்தன. பத்தாவது சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அவ்விடத்தில் நின்று கீழே நோக்குவோருக்குத் தலை சுழலும். விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தால் வாய் தானே கலிமாவைச் சொல்லும்.

உச்சியிலே கரும்பாறையில் 11 சாண் நீளமான பாதச்சுவட்டைக் கண்டார். பாறையிலே வெட்டிய குழிகளிற் பிற சமயத்தார் பொன்னும் மணியும் இட்டுச் செல்வர் என்றும், ஏழைகள் முந்தி ஓடி அவற்றை எடுப்பர் என்றும் அறிந்தார். தமக்குக் கிடைத்த சிறிதளவையும் வழிகாட்டிக்கே கொடுத்தார். வழக்கப்படி 3 நாள் குகையில் தங்கிக் காலையும் மாலையும் பாதத்தைத் தரிசித்தார். மேகங்கள் காலுக்குக் கீழே திரண்டு மலையடியை மறைத்த காட்சி அவர் நினைவினின்றும் நீங்கவில்லை.

சைவர்க்குச் சிவனொளிபாதம், பௌத்தர்க்கு ஸ்ரீபாதம், முசுலிம்களுக்குப் பாவாத மலை என மூன்று நாமங்களைத் தாங்கி 7,359 அடி உயர்ந்து நிற்கும் அம்மலைக்கு, பாதை திறந்த மறு ஆண்டாகிய 2003 இல், நானும் தனியே சென்றேன். நல்லதண்ணியிலிருந்து இரவெல்லாம் ஏறினேன். என் வழி மாமாவின் வழிபோல எளியதென்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் விடியற்பொழுதில் மேகம் என் காலின்கீழ்க் கிடந்தது. 659 ஆண்டுகளுக்கு முன் வந்த அந்நியர் பொய் சொல்லவில்லை என்பதை அங்கே கண்ணாரக் கண்டேன். ஊர் திரும்பி, அம்மாணவனிடம், இப்போது கண்டேன் என்று சொன்னேன். அவன் சிரித்தான்.

இப்னு பதூதா மலையினின்று இறங்கித் தென்கரையிலே தேவேந்திரமுனைக் கோயிலைக் கண்டார். ஆயிரவர் பிராமணரும் யோகியரும் வாழ்ந்த அப்பெருங்கோயிலைப் போர்த்துக்கேயர் 1588 இல் அழித்துவிட்டமையால் அவர் குறிப்பு நமக்கு அரும்பொருளாகும். காலி, கொழும்பு வழியாகப் புத்தளம் மீண்டபோது, மாலுமி சொன்னசொல் தவறாது காத்திருந்தான். தமிழகக் கரையை அணுகும் வேளையில் அக்கலமும் உடைந்தது. உயிர்தப்பி மதுரைச் சுல்தானிடம் சென்றார். பின்னர் மேலைக்கடலிற் கொள்ளையர் வளைத்து, ஆரியச்சக்கரவர்த்தி அளித்த மணிகளையும் முத்துகளையும் உடுபுடைவையையும் பறித்துக்கொண்டனர். பெற்ற பரிசில் எல்லாம் போயின. கண்ட காட்சி ஒன்றே எஞ்சியது.

அதன்பின் வங்கம், சுமாத்திரா, சீனம் என்று சென்று மேற்கே திரும்பினார். 1348 இல் தமாசுக்கு நகரை அடைந்தபோது, தந்தையார் இறந்து 15 ஆண்டுகள் ஆயின என்று கேட்டார். முன்னர் அந்நகரில் விட்டுச்சென்ற மனைவி வயிற்றிற் பிறந்த மகனைப் பற்றி உசாவினார். அவனும் இறந்து 12 ஆண்டுகள். தாயாரையேனும் காண்போம் என்று 1349 இல் தாய்நாட்டை அணுகியபோது, கொள்ளைநோய் அவரையும் கொண்டுபோயிற்று என்னும் செய்தியே எதிர்கொண்டது. உலகைக் கண்டவர், தம்மைப் பெற்றவர் முகத்தைக் கடைசியாகக் காணவில்லை. இக்கணக்கை யார் தீர்ப்பது?

ஆயினும் அவர் ஓயவில்லை. கிரனாடாவுக்கும், சகாராப் பாலைவனம் கடந்து மாலி நாட்டுக்கும் சென்று 1354 இல் மீண்டார். மொறோக்கோ மன்னர் ஆணைப்படி அவர் சொல்ல, இப்னு சுசை என்னும் புலவர் எழுத, 1355 டிசம்பரிலே நூல் முற்றுப்பெற்றது. பல ஆண்டுகளின் பின் நினைவிலிருந்து சொன்னமையால் முன்பின் மாறியனவும், பிறர் நூலிலிருந்து சேர்த்தனவும் அதிற் கலந்துள்ளன என்று ஆராய்ச்சியாளர் காட்டுவர். அது குற்றமேயாயினும் நூலின் பெருமையைக் குன்றச் செய்வதன்று. காதியாகவே இறுதிக்காலத்தைக் கழித்து 1368 அல்லது 1369 இல் அவர் காலமானார்.

திருநாவுக்கரசு சுவாமிகள் கைலையை நாடித் தனிவழி நடந்ததைப் பெரியபுராணத்திற் படித்த நமக்கு, மலையைத் தேடித் தனித்து வருபவனை அந்நியன் என்று எண்ண மனம் வராது. இப்னு பதூதா விரும்பி நடந்தார். 2009 இல் எம் ஊரார் விரும்பாது நடந்தனர். நானும் அவருள் ஒருவன். மலையைப் பற்றி வினவிய அம்மாணவனை அதன்பின் நான் காணவில்லை. 2010 இல் வட்டக்கச்சிக்கு மீண்டபோது, மிதிவண்டியை உருட்டிக்கொண்டு எதிரே வந்த முன்பின் அறியாத முதியவர் ஒருவர் நின்று, வாருங்கோ மாஸ்ரர், சுகமோ என்றார். தூனிசு நகரத்து வாயிலில் அழுதுநின்ற இளைஞர் அப்பொழுது என் நினைவில் எழுந்தார். குறிஞ்சியைக் கற்பிக்கும் நாள்களில் இக்கதையை இன்றும் முதலிற் சொல்கிறேன். மலையை எல்லோரும் காண்பார்களோ என்பது நான் அறியேன். வழிவந்தவனுக்கு முகமன் கூற எல்லோராலும் இயலும். அதனையேனும் எம் பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும்.