லண்டன் ரேஞ்சில் தொடங்கி மணியாச்சி வரை: வ.வே.சு. ஐயரும் துப்பாக்கியும்

வாரம் முழுக்க லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டு, ஞாயிறு காலையில் துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போகிற இளைஞர்கள் இன்று மதுரையிலும் உண்டு. ஆனையூரில் குடியிருக்கும் ஒருவர் ரைஃபிள் கிளப்பில் பணம் கட்டிச் சேரலாம், கோச் பக்கத்தில் நிற்க, 10 மீட்டர் தள்ளி இருக்கும் காகித இலக்கைக் குறிவைக்கலாம். அந்த இலக்கில் முழுசாகப் பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டின் விட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர். மூச்சு கொஞ்சம் பிசகினாலும் போச்சு.

இதே ஆசை 120 வருஷத்துக்கு முன்னால் ஒரு திருச்சி வக்கீலுக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உள்ளூரில் வழியே கிடையாது என்றுதான் சொல்ல வேண்டும். 1878-ல் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் வந்த ஆயுதச் சட்டப்படி, இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வாங்க வேண்டும். ஐரோப்பியர்களுக்கு அதிலிருந்து விலக்கு. தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் தனியாக ஒரு தன்னார்வ ரைஃபிள் படையே இருந்தது. வேலை முடிந்ததும் அணிவகுப்பு, குறிபார்த்துச் சுடுதல் எல்லாம் அவர்களுக்குத்தான். அதே ரயில்வேயில் வேலை பார்த்த தமிழ் குமாஸ்தா வேடிக்கை பார்க்கலாம். 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு இந்தச் சட்டத்தைத் திருத்தச் சொல்லித் தீர்மானம் போட்டது. ஒன்றும் நடக்கவில்லை.

திருச்சியில் மூடியிருந்த அந்தக் கதவு லண்டனில் திறந்து கிடந்தது. அதற்குள் நுழைந்தவர்களில் ஒருவர்தான் வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர். நம் பாடப்புத்தகங்களில் 'குளத்தங்கரை அரசமரம்' எழுதிய சிறுகதை முன்னோடி, வ.வே.சு. ஐயர்.

பிளீடர் முதல் லிங்கன்ஸ் இன் வரை

1881 ஏப்ரல் 2-ல் திருச்சியை ஒட்டிய வரகனேரியில் பிறந்தார். செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். அங்கே அவர் படித்த பாடங்களில் லத்தீனும் ஒன்று. பிறகு பிளீடர் பரீட்சை பாஸ் பண்ணித் திருச்சி கோர்ட்டில் கொஞ்ச காலம், 1906-ல் ரங்கூனுக்குப் போய் ஒரு ஆங்கில பாரிஸ்டரிடம் ஜூனியராகக் கொஞ்ச காலம். அந்தக் காலத்தில் நடுத்தரக் குடும்பத்துப் பையன் முன்னேறுகிற வழக்கமான பாதைதான். அடுத்த படி பாரிஸ்டர் பட்டம். 1907-ல் லண்டன் போய் லிங்கன்ஸ் இன்னில் சேர்ந்தார்.

ஹைகேட் பகுதியில் இந்திய மாணவர்களுக்காக ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா நடத்திய இந்தியா ஹவுஸ்தான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. சாவர்க்கர் அங்கே இருந்தார். திருவல்லிக்கேணிக்காரரான எம்.பி.டி. ஆச்சார்யா அங்கே வந்து சேர்ந்தார். பாரதியாரின் 'இந்தியா' பத்திரிகைக்கு லண்டனிலிருந்து கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்த ஐயர், பாரிஸ்டர் படிப்பைவிடப் புரட்சிப் பேச்சில் அதிகம் மூழ்கினார்.

ஒரு சில்லறைக் காசு விளையாட்டு

அப்போது இங்கிலாந்தில் துப்பாக்கி சுடுவது ஒரு ஃபேஷன். காரணம் தென்னாப்பிரிக்கா. 1899-ல் தொடங்கிய போயர் போரில், உலகத்தின் பெரிய ராணுவத்தைச் சாதாரண விவசாயிகள் தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுட்டே திணறடித்தார்கள். தங்கள் ஆட்களுக்குச் சரியாகச் சுடத் தெரியவில்லை என்ற கவலை பிரிட்டனைப் பிடித்துக்கொண்டது. 1901-ல் சிறு ரைஃபிள் கிளப்களுக்கென்று ஒரு சங்கம் உருவானது. போயர் போர்த் தளபதி ராபர்ட்ஸ் பிரபு ஊர் ஊராக இதற்குப் பிரசாரம் செய்தார். தொழிற்சாலை, சர்ச், பப் என்று எங்கே பார்த்தாலும் .22 ரைஃபிள் ரேஞ்ச் முளைத்தது. தொழிலாளி சனிக்கிழமை மத்தியானம் வேலை முடித்துவிட்டு வந்து சுட்டுப் பழகலாம். இன்று உலகம் முழுக்க நடக்கும் ஸ்மால்போர் ரைஃபிள் போட்டிகளின் வளர்ச்சியில் இதற்கு ஒரு பெரிய பங்கு உண்டு.

துப்பாக்கி வாங்குவதும் கஷ்டமில்லை. தபால் ஆபீஸில் 10 ஷில்லிங் கட்டினால் லைசென்ஸ். தோல் நிறத்தை யாரும் கேட்கவில்லை. சாம்ராஜ்யத்தின் தலைநகரில் ஒரு இந்தியருக்குக் கிடைத்த இந்த உரிமை, அவர் சொந்த ஊரில் கிடைக்கவில்லை. இந்த முரண்பாட்டைப் பிரிட்டிஷ் அரசு கவனிக்கத் தொடங்கியபோது நேரம் கடந்துவிட்டது.

லண்டனின் டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் 92-ம் எண் கட்டடத்தில் ஹென்றி ஸ்டான்டன் மார்லி என்பவர் ஒரு ரேஞ்ச் நடத்தினார். அதன் பெயர் ஃபேரிலேண்ட். காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் சுடலாம். பொழுதுபோக்க வந்தவர்களோடு வேறு சிலரும் வந்தார்கள். ஓட்டுரிமை கேட்டுப் போராடிய பெண்களில் இருவர் அங்கே பழகுவதாக 1909-ல் போலீஸ் பதறியிருக்கிறது. இந்தியா ஹவுஸ் இளைஞர்களும் அங்கே போனார்கள். ஐயரும் அங்கே ரிவால்வர் பழகியதாக உளவுத்துறை குறித்து வைத்தது.

அவர்களில் ஒருவர் மதன்லால் திங்ரா. மூன்று மாதமாக, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வந்து சொந்தப் பிஸ்டலில் பழகினார் என்று மார்லியே பிறகு கோர்ட்டில் சாட்சி சொன்னார். 1909 ஜூலை 1 அன்று சாயங்காலம் வந்து 12 முறை சுட்டதில் 11 இலக்கில் பட்டது. அன்று இரவே சவுத் கென்சிங்டனில் நடந்த ஒரு விருந்தில் கர்சன் வைலியைத் திங்ரா சுட்டுக் கொன்றார். தடுக்கப் பாய்ந்த பார்சி டாக்டர் லால்காக்காவும் செத்துப்போனார். ஆகஸ்ட் 17-ல் திங்ராவுக்குத் தூக்கு.

அதன் பிறகு இந்தியா ஹவுஸ் சிதறிப்போனது. ஐயர் பாரிஸ்டர் தேர்வுகளை முடித்திருந்தும் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்துப் பட்டத்தைக் கைவிட்டார். 1910 மார்ச்சில் சாவர்க்கர் கைது. ஐயருக்கும் வாரண்ட் வந்தது. பாரிஸுக்கு நழுவி, அங்கிருந்து மாறுவேடத்தில் கப்பலேறினார். வழியில் ஒரு துப்பறிவாளர் பெட்டியில் இருந்த வி.வி.எஸ். என்ற எழுத்துகளைக் காட்டிக் கேட்க, தன் பெயர் வீர விக்ரம் சிங் என்று அசராமல் சொல்லித் தப்பினார் என்று ஒரு கதை உண்டு. சினிமாவுக்கு ஏற்ற கதை. எவ்வளவு நிஜமோ, 1910 டிசம்பருக்குள் அவர் பிரெஞ்சுப் புதுச்சேரியில் இருந்தார் என்பது நிஜம். பாரதியாரும் அரவிந்தரும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள்.

மூன்று மாத லீவு

லண்டனில் கற்றதை ஐயர் இங்கே சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். புதுச்சேரியை ஒட்டிய கரடிக்குப்பம் தோப்பில் பயிற்சி நடந்தது என்பது அந்தப் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் தகவல். அவரைத் தேடி வந்தவர்களில் ஒருவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். திருவிதாங்கூர் வனத்துறையில், புனலூரில் வேலை. 1911 ஜனவரியில் மூன்று மாத லீவு போட்டுவிட்டுப் புதுச்சேரி வந்து ஐயரிடம் சுடப் பழகினார் என்று 1918-ல் வெளியான ரௌலட் கமிட்டி அறிக்கை பதிவு செய்திருக்கிறது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, ரைஃபிள் பழகுகிறவர்களுக்குப் புரிகிற ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ரைஃபிளுக்குத் தோள், கன்னம், இரண்டு கை என்று பல இடத்தில் பிடிமானம் இருக்கிறது. குழல் நீளம் என்பதால் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி அதிகம், குறி பிசகினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பிஸ்டலில் இந்த வசதியெல்லாம் கிடையாது. கை நுனியில் ஒரு மயிரிழை ஆடினால், 20 அடி தள்ளிக் குண்டு எங்கோ போகும். அதனால்தான் பிஸ்டல் பழக மாதக்கணக்கில் ஆகிறது.

ஆனால் மணியாச்சியில் அந்தத் துல்லியம் எதுவும் தேவைப்படவில்லை. 1911 ஜூன் 17, காலை பத்தே முக்கால் மணி வாக்கில், திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் தன் மனைவியோடு ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். கொடைக்கானல் போவதற்காக, தூத்துக்குடியிலிருந்து மதுரை வழியாகச் செல்லும் மெயிலுக்குக் காத்திருந்தார்கள். வாஞ்சி பெட்டிக்குள் ஏறி மிக அருகில் நின்று சுட்டார். பிறகு பிளாட்ஃபாரத்தில் ஓடி, கழிப்பறைக்குள் போய்த் தன்னையே சுட்டுக்கொண்டார். வாஞ்சிக்கு 25 வயது, ஆஷுக்கு 38.

கைக்கெட்டும் தூரத்தில் சுடுவதற்கு மூன்று மாதப் பயிற்சி எதற்கு? குறிபார்க்கக் கற்பதைவிட, சுடும்போது கை நடுங்காமலிருக்கக் கற்பதுதான் அதன் நோக்கமாக இருந்திருக்க வேண்டும். ரேஞ்சில் இன்று எந்த கோச்சும் முதல் நாளில் சொல்லித்தருவதும் அந்த நிதானத்தைத்தான். அங்கே எதிரில் இருப்பது காகிதம். மணியாச்சியில் இருந்தது பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர்.

ஆஷை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி நசுக்கப்பட்டதும் 1908 திருநெல்வேலி எழுச்சி ஒடுக்கப்பட்டதும் காரணமாகச் சொல்லப்படும். வாஞ்சியின் சட்டைப் பையில் கிடைத்த கடிதமோ சனாதன தர்மத்தைக் காப்பது பற்றியும் பேசியது. அதனால் இந்தக் கொலையை எப்படிப் பார்ப்பது என்று தமிழ்நாட்டில் இன்றும் சண்டை ஓயவில்லை. சதி வழக்கில் 14 பேர் மேல் குற்றச்சாட்டு. நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு வருஷம் சிறை. பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த ஐயரைப் பிரிட்டிஷ் போலீஸால் தொட முடியவில்லை. துப்பாக்கியைச் சொல்லிக்கொடுத்தவர் கோர்ட் வாசலை மிதிக்காமலே தப்பினார், பழகியவர் செத்துப்போனார். ஐயரைக் கொண்டாடும் நூல்கள் இந்த இடத்தைச் சீக்கிரம் தாண்டிவிடுவது வழக்கம்.

ஜாடி, எம்டன், குறள்

தொட முடியாவிட்டாலும் விட்டுவிடவில்லை. ஒற்றர்கள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒருமுறை ஐயர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது வாளியில் ஒரு ஜாடி சிக்கியது. உள்ளே ராஜத்துரோகப் பிரசுரங்கள், யாரோ வேண்டுமென்றே போட்டவை. ஒளிக்காமல் அதை நேரே பிரெஞ்சு அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டதால் பிழைத்தார்கள். பாரதியாரின் யோசனை அது என்பார்கள்.

1914 செப்டம்பர் 22-ல் ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னை மேல் குண்டு வீசியது. புதுச்சேரி அகதிகளை ஆப்பிரிக்காவுக்கு நாடு கடத்தச் சொல்லிப் பிரிட்டிஷ் அரசு அழுத்தம் கொடுத்தது. எந்த நேரமும் கப்பலேற்றலாம் என்ற அந்த நிலையில் ஐயர் திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து முடித்தார். 1916-ல் அச்சானது. சிறுகதைகளும் இந்த வருஷங்களில்தான் வந்தன.

போர் முடிந்து பொதுமன்னிப்பு வந்ததும் 1920-ல் சென்னை திரும்பி 'தேசபக்தன்' ஆசிரியரானார். அதற்குள் ஆள் மாறியிருந்தார். துப்பாக்கி வழியை விட்டு, காந்தியின் வழிக்கு வந்துவிட்டார். 1921-ல் ஒரு தலையங்கத்துக்காக ராஜத்துரோக வழக்கு, ஒன்பது மாதச் சிறை. உள்ளே இருந்தபடி கம்பராமாயணம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு ஆய்வு எழுதினார்.

சாப்பாட்டுப் பந்தி

சேரன்மாதேவி குருகுலம் அவருடைய கடைசி முயற்சி. 1922 கடைசியில் தொடங்கிய அந்தப் பள்ளிக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் ஒதுக்கி, அதில் 5,000 கொடுத்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படித்தார்கள். ஆனால் பிராமணப் பிள்ளைகள் இருவருக்கு மட்டும் தனிச் சாப்பாடு. அந்தப் பெற்றோர்களுக்கு வாக்குக் கொடுத்திருப்பதாக ஐயர் பிடிவாதமாக நின்றார். பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் விடவில்லை. பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் ஒருவர் பிறப்பைப் பார்த்து இலை போடுவதா என்பதுதான் கேள்வி. விவகாரம் காந்தி வரைக்கும் போனது. பெரியார் காங்கிரஸை விட்டு விலகியதற்குப் பின்னால் இருந்த காரணங்களில் இதுவும் ஒன்று.

பிறப்பை வைத்து ஒருவனுக்குத் துப்பாக்கி, இன்னொருவனுக்கு இல்லை என்ற சட்டத்தில் கொதித்துக் கிளம்பிய தலைமுறையைச் சேர்ந்தவர் ஐயர். தன் பள்ளிச் சமையற்கட்டில் அதே கணக்கு நடந்ததை அவர் கடைசிவரை தவறாகப் பார்க்கவில்லை, வாக்குத் தவறாமையாகவே பார்த்தார். 1925-ல் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார்.

அந்த வருஷம் ஜூன் 3-ம் தேதி பிள்ளைகளோடு பாபநாசம் மலைக்குப் போனார். கல்யாண தீர்த்தம் அருகே ஓடையைத் தாண்ட முயன்ற மகள் சுபத்திரா வழுக்கி அருவிக்குள் விழுந்தாள். காப்பாற்ற ஐயரும் குதித்தார். இருவருமே திரும்பவில்லை. அவருக்கு வயது 44. இந்தக் கதையின் இன்னொரு ஊரான மணியாச்சி, இப்போது ரயில்வே போர்டில் வாஞ்சி மணியாச்சி. அங்கே சுடப்பட்ட ஆஷின் கல்லறை பாளையங்கோட்டையில் இருக்கிறது.